ஏழாம் வண்டியின் பிளக்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தக் கேரவன் பார்க்கில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இங்கே நான்தான் எலக்ட்ரீஷியன். வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிற எந்தக் கேரவனாக இருந்தாலும் நான் பார்த்துச் சரி என்று ஸ்டிக்கர் ஒட்டினால்தான் அதன் ஒயர் எங்கள் கரண்ட் பெட்டியில் ஏறும். ‘ஆள் சிடுமூஞ்சி, ஆனா வேலையில சுத்தம்’ என்று சொல்வார்கள். அந்த இரண்டாவது பாதியை இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

என் மனைவியின் தம்பியும் என்னோடு அதே வேலைதான். அவனுக்கு நான் வைத்த பெயர் ‘சாவகாசம்’. நாற்பதை நெருங்குகிறவன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. ஒரு பிளக்கின் திருகை முடுக்கினால் மூன்று தடவை முடுக்குவான். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று நான் எப்போதோ எழுதிக் கொடுத்த ஐந்து வரிகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பான். பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து வாசித்துவிட்டுத்தான் கையை வைப்பான்.

“ஏன்டா, வீட்ல சாப்பிட உக்காரும்போதும் லிஸ்ட் பாப்பியா?” என்று ஒரு நாள் சீண்டினேன்.

“பாப்பேன் மாமா. முதல் வரி, கை கழுவணும்” என்றான். சிரிக்கக்கூட இல்லை. அவன் ஜோக் அடிக்கிறானா நிஜமாகச் சொல்கிறானா என்று பாதி நேரம் தெரியாது.

எங்கள் பார்க்கில் வண்டிகள் இரண்டிரண்டாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு மெயின் சுவிட்ச், அதற்குக் கீழே வண்டிக்கு ஒன்றாக இரண்டு சாக்கெட். அவ்வளவுதான் சமாசாரம். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் மெயினை அணைக்க வேண்டும், இரண்டு வண்டியின் பிளக்கையும் பிடுங்கி வெளியே போட வேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் கை. மெயினை அணைத்தாயிற்றே, பிளக்கை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கேரவன் என்பது வெறும் வண்டியில்லை, அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது, பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் நம் பக்கத்திலிருந்து மட்டும்தான் வரும் என்று நம்புகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

இன்வெர்ட்டரை ஒழுங்காக மாட்டினால் ஒரு தொல்லையும் கிடையாது. நடுவில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். ஒன்று வெளிக்கரண்ட், இல்லையென்றால் இன்வெர்ட்டர் கரண்ட். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஒயரில் ஏற அது விடாது. அந்தச் சுவிட்சுக்குச் செலவழிக்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, இன்வெர்ட்டரின் ஒயரைக் கொண்டுபோய் வெளிக்கரண்ட் வந்து சேருகிற அதே போர்டில் சொருகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்குள் லைட் எரியும், ஃபேன் சுற்றும், எல்லாம் அமர்க்களமாக இருக்கும். ஆனால் அந்தக் கரண்ட் உள்ளே மட்டும் நிற்காது. வந்த வழியே திரும்பி, வண்டியின் நீள ஒயர் வழியாக வெளியே எங்கள் பெட்டிக்கும் வரும். அப்படிப்பட்ட வண்டிகளை வருஷத்துக்கு நாலைந்தாவது வாசலிலேயே நிறுத்திக் கிழி கிழியென்று கிழித்து அனுப்பியிருக்கிறேன்.

ஏழாம் இடத்துக்கு அந்தப் பெரியவர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. மகள் வீடு மூன்றாவது மாடியில், படி ஏற முடியாது. அதனால் இருந்த வீட்டை விற்று ஒரு பழைய கேரவன் வாங்கி, மகள் இருக்கிற ஊரிலேயே வந்து நிற்கிறார்கள். அந்த அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், புதன்கிழமைதான் வருவதாக இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் தயார் பண்ணிவிட வேண்டும் என்று பெரியவருக்குப் பரபரப்பு. “கரண்ட் போனா மெஷின் நிக்கக் கூடாதுங்க. அதுக்குத்தான் இன்வெர்ட்டர் போட்டேன். போன ஊர்ல ஒரு கடையில மாட்டிக் குடுத்தாங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

வரிசையில் இன்னும் ஐந்து வண்டிகள். ஒருவனோடு ஏற்கெனவே வாய்ச்சண்டை போட்டு முடித்திருந்தேன். இருந்தாலும் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வருகிற கேபிள் விரல் தடிமனில் இருந்தது. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ். முனைகளை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இன்வெர்ட்டரைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டிருந்தார்கள். இவ்வளவு நேர்த்தியாக வேலை பார்த்தவன் மீதியையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பான் என்று மனசு அப்போதே தலையாட்டிவிட்டது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் கையை விட்டு, ஒயர் எங்கே போகிறது என்று தடவிப் பார்க்கவில்லை. பலகையைக் கழற்ற வேண்டும், ஆறு திருகு.

கடைசியாகப் பிளக் சோதனை. வண்டியின் பிளக்கை வெளியே கையில் வைத்துக்கொண்டு இன்வெர்ட்டரைப் போடச் சொல்ல வேண்டும். பிளக்கின் பின்களில், சாக்கெட்டுக்குள் போகிற அந்தப் பித்தளைக் குச்சிகளில், கரண்ட் வரக் கூடாது. வந்தால் அந்த வண்டி ஃபெயில். இந்தச் சோதனையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. “உள்ள லைட்டு, ஃபேனு, சார்ஜர், எல்லாத்தையும் அணைச்சிட்டு இன்வெர்ட்டரை மட்டும் போடுங்க” என்பேன். குழப்பமில்லாமல் பார்க்கலாம் என்று நானே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். பெரியவர் எல்லாவற்றையும் அணைத்தார், இன்வெர்ட்டரைப் போட்டார். நான் டெஸ்டரைப் பின்னில் வைத்தேன்.

டெஸ்டர் ஒரே ஒரு தடவை சிமிட்டியது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மறுபடி வைத்தேன், ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டேன். அது பழைய டெஸ்டர். புதிது வாங்கித் தாருங்கள் என்று ஒரு மாதமாக மேனேஜரிடம் கத்திக்கொண்டிருந்தேன். சனியன் இதற்கும் தகராறு பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டு பையில் போட்டேன். பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “சரியா இருக்குங்களா?” என்று கேட்டார். “இருக்கு, இருக்கு” என்றேன். படிவத்தில் ‘பின்களில் மின்சாரம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அந்தச் சிமிட்டல் என்ன என்று இப்போது நன்றாகவே தெரியும். சில இன்வெர்ட்டர்களுக்குச் சிக்கன புத்தி உண்டு. கரண்ட் கேட்க யாரும் இல்லை என்றால் அது தூங்கிவிடும். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை மட்டும் கண்ணைத் திறந்து யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கும். உள்ளே ஒரே ஒரு பல்பை எரியவிட்டுச் சோதித்திருந்தால் டெஸ்டர் நின்று எரிந்திருக்கும். எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி அதைத் தூங்க வைத்ததே நான்தான்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. பெரியவர் தன் பிளக்கில் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கு மேல் டேப் சுற்றி, அதற்கும் மேல் கயிறு போட்டுக் கட்டினார். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகியிருக்கும். “நாப்பது வருஷம் தபால் பை கட்டின கைங்க இது” என்று என்னிடம் காட்டினார். நல்ல கட்டுதான்.

சரியாகப் பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை. எட்டாம் வண்டியில் இருந்த நர்ஸம்மா தன் சாக்கெட் கருகிவிட்டது என்று வந்து சொன்னார். அவர் வண்டியின் பிளக்கை ஏற்கெனவே பிடுங்கிவிட்டார். சாக்கெட்டை மாற்ற என் மச்சினன் போனான். ஏழிலும் எட்டிலும் சொன்னான், கால் மணி நேரம் கரண்ட் இருக்காது என்று. பெரியவர், “பரவாயில்ல தம்பி, எங்கிட்ட இன்வெர்ட்டர் இருக்கு” என்றார். இவன் மெயினை அணைத்தான். லிஸ்ட்டை எடுத்து வாசித்தான். அப்புறம் ஏழாம் பிளக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரியவர் போட்ட கயிற்று முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான். நான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போனேன்.

“அதை ஏன்டா பிரிக்கிற?”

“பிடுங்கணும்ல மாமா.”

“விடு. அந்த வண்டியை நானே பாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். அதுலேர்ந்து ஒண்ணும் வராது.”

அவன் கையை எடுக்கவில்லை. “லிஸ்ட்ல இருக்கே” என்றான்.

“லிஸ்ட்டை எழுதினவனே நான்தான்டா. நீ இதைப் பிரிச்சு, அவர் திரும்பக் கட்டி, அதுக்கு ஒரு மணி நேரம் நம்மகிட்ட புலம்பி, இதெல்லாம் நடக்கிற காரியமா? மத்தியானத்துக்குள்ள இன்னும் ரெண்டு பெட்டி பாக்கணும். சட்டுபுட்டுனு முடி.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் அவிழ்த்த ஒரு முடிச்சைப் பழையபடி கட்டிவிட்டு எழுந்தான். “சரி மாமா” என்றான். நான் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவன் அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அப்படித்தான்.

பெட்டிக்குள் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், கரண்ட் இல்லை. அப்போது நிஜமாகவே இல்லை, இன்வெர்ட்டரைப் பெரியவர் இன்னும் போடவில்லை. இவன் கையை உள்ளே விட்ட பிறகுதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவின் மெஷின், தன் சின்னப் பேட்டரி தீர்ந்துபோய், கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்திருக்கிறது. பெண்டாட்டிக்கு மூச்சு நின்றுவிடக் கூடாது என்று எந்த மனுஷனும் செய்கிற காரியத்தைத்தான் பெரியவரும் செய்தார். எழுந்து போய் இன்வெர்ட்டர் சுவிட்சைத் தட்டினார்.

நான் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பினால் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், உடம்பு வெட வெடவென்று ஆடுகிறது. ஓடிப்போய் மெயினில் கை வைத்தேன். மெயின் ஆஃபில்தான் இருந்தது. அந்த நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாமே புரிந்துவிட்டது. நர்ஸம்மா வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவன் தோளில் வைத்துத் தள்ளினேன். விழுந்தான். மூச்சு இல்லை. அந்த நர்ஸம்மா மட்டும் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவனுக்கு மூச்சு வந்துவிட்டது.

உயிர் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலை நேரம் முழுக்க அவன் நினைவிலிருந்து போய்விட்டது. வீட்டில் பல் தேய்த்தது வரைதான் ஞாபகம் இருக்கிறதாம். இதயம் நின்று திரும்பினால் சிலருக்கு அப்படி ஆகும், போனது இனிமேல் திரும்பி வராது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தான். என்ன நடந்தது என்று அவன் மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

“மாமா, நான் ஏழாம் பிளக்கைப் பிடுங்கலையா?”

“இல்ல” என்றேன்.

அது பொய் இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது முழு உண்மையாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை மென்று விழுங்கினேன். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். “எப்படி விட்டேன்?” என்று அவனாகவே கேட்டுக்கொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஏழாம் வண்டிக்குப் போனேன். பின்பலகையின் ஆறு திருகையும் கழற்றினேன். சேஞ்ச்ஓவர் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. இன்வெர்ட்டர் ஒயர் நேரே போர்டுக்குள் போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே ஒரே ஒரு பல்பைப் போட்டுவிட்டு டெஸ்டரை வைத்தேன். நின்று எரிந்தது. பல்பை அணைத்தேன். சிமிட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சிமிட்டியது. டெஸ்டரில் ஒரு கோளாறும் இல்லை. வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். இந்த நாலு நாளில் ஆள் பாதியாகிவிட்டார். “நான்தானே போட்டேன் சுவிட்சை. நான் ஏதாச்சும் தப்பாத் தட்டிட்டேனா?” என்று கேட்டார்.

“இனிமே நான் சொல்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க” என்றேன். அன்று மாலைக்குள் என் கைக்காசில் சேஞ்ச்ஓவர் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை பல்பு, ஃபேன், சார்ஜர் எல்லாம் ஓட விட்டுச் சோதித்தேன். பிளக்கில் ஒன்றும் வரவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பி எனக்கு நன்றி சொன்னார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேனேஜருக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அவர் கையில் என் படிவம் இருந்தது, ‘பின்களில் மின்சாரம் இல்லை’ என்று என் கையெழுத்தோடு. “நீங்க பாத்தப்போ சரியா இருந்திருக்கு. அப்புறம் அந்த ஆளு உள்ள எதையோ மாத்தியிருக்கான். உங்க மச்சினனும் பிளக்கைப் பிடுங்காம விட்டுட்டான். ரெண்டு பக்கமும் தப்பு” என்றார். எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல். நான் தலையை ஆட்டினேன். எதற்கெடுத்தாலும் எகிறுகிற வாய், அந்த அறையில் மூடியே இருந்தது.

ஏன் மூடியிருந்தது என்று கேட்டால், பயம்தான். வேறு எதையும் சொல்லிப் பூசி மெழுக மாட்டேன். என் லைசென்ஸ் போகும், இருபத்திரண்டு வருஷப் பேர் போகும். அதைவிட, வீட்டுக்குப் போய் அவன் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து அதே கேள்வியைத்தான் கேட்டாள். “அவன் மறக்கிற ஆளா? நீங்களே சொல்லுங்க, அவனா மறப்பான்?” ஒரு நாள், “எனக்கென்ன தெரியும், அவன் மண்டைக்குள்ள நானா உக்காந்திருக்கேன்?” என்று எரிந்து விழுந்தேன். அவள் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவப் போனாள். உங்களுக்கும் கஷ்டம்தான், அதான் இப்படிப் பேசுறீங்க என்று பிறகு அவளே சமாதானம் சொன்னாள்.

பதினோராம் நாள் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மேனேஜர் அறையில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் அவனைக் கூட்டிப் போனேன். வழியில் அவன் மெதுவாகச் சொன்னான்.

“கை போனது போகட்டும் மாமா. பழகிக்கலாம். எனக்குப் பயமா இருக்கிறது வேற. பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட விட்டதில்ல. அன்னைக்கு மட்டும் எப்படி விட்டேன்? லிஸ்ட் பையிலதான் இருந்துச்சாம். நான் எடுத்து வாசிக்கவே இல்லையா? இல்ல வாசிச்சும் விட்டுட்டேனா? கேஸை அணைச்சேனான்னு தெரியாம நேத்து ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போய்ப் பாத்தேன். சின்னவளை ரோடு தாண்டக் கூட்டிப் போகவே பயமா இருக்கு. என் புத்தியை நானே நம்ப முடியல.”

இன்னும் இருபதடி நடந்தால் அறை வந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது.

மேனேஜர் காகிதத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். ‘ஊழியர் விதியை மீறிக் கவனக்குறைவாக நடந்துகொண்டதை ஒப்புக்கொள்கிறார்’ என்று நடுவில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டால் இனி எந்த இடத்திலும் அவனைப் பெட்டியைத் திறக்க விட மாட்டார்கள். சாவகாசம் என்று நான் பெயர் வைத்த மனுஷனின் பெயருக்கு நேரே கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அவன் இடது கையால் பேனாவை எடுத்தான். பிடிக்க வரவில்லை. கட்டுப் போட்ட கையால் காகிதத்தை அழுத்திக்கொண்டு, பேனாவைச் சின்னக் குழந்தை பிடிக்கிற மாதிரி பிடித்து, எந்த இடத்தில் என்று மேனேஜரைக் கேட்டான்.

“போடாதடா” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீ லிஸ்ட்டை எடுத்தே. வாசிச்சே. ஏழாம் பிளக்கைப் பிடுங்கறதுக்கு முடிச்சை அவுக்க ஆரம்பிச்சே. நான்தான் வேணாம்னேன். லிஸ்ட்ல இருக்கேன்னு நீ சொன்னே. அதை எழுதினவனே நான்தான்னு நான் சொன்னேன். நீ மறக்கல. நீ எதையும் மறக்கல.”

மேனேஜர் வாயைத் திறந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். டெஸ்டர் சிமிட்டியதைச் சொன்னேன். பார்த்தும் பையில் போட்டதைச் சொன்னேன். பலகையைக் கழற்றாததைச் சொன்னேன். பெரியவர் வண்டியில் எதையும் மாற்றவில்லை, வந்த நாளிலேயே அது அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன்.

“இப்ப எதுக்குங்க இதெல்லாம்? பேப்பர் மேலிடத்துக்குப் போகணும்” என்று மேனேஜர் முனகினார்.

“வேற பேப்பர் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்” என்றேன்.

மச்சினன் பேனாவைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நான் மறக்கலையா மாமா?” என்றான்.

“மறக்கல.”

“லிஸ்ட்டை வாசிச்சேனா?”

“வாசிச்சே. நான் பாத்தேன்.”

அவன் அழுதான். அவன் அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அது துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. தொலைந்துபோன புத்தி திரும்பக் கிடைத்த மாதிரி அழுதான். கட்டுப் போட்ட கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அந்த முகம் மாறியது. மெதுவாகத்தான் மாறியது, அவனுக்கு எல்லாமே மெதுவாகத்தான்.

“ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே.”

“கேட்டே.”

“பிளக்கைப் பிடுங்கலையான்னு கேட்டேன். நீங்க இல்லன்னீங்க.”

“ஆமா.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா” என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன், அதுதானே எனக்குத் தெரிந்த வேலை. அவன் எழுந்தான். “அந்தப் பெரியவர்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டான்.

“இல்ல. நான் போய்ச் சொல்றேன்.”

“வேணாம். அவர் தட்டினதாலதான் என் கையில ஏறுச்சுன்னுதானே நினைச்சிட்டிருப்பார். நான் போறதுதான் சரி. நீங்க அக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

ஏழாம் வண்டிப் பக்கமாக நடந்து போனான். அன்று வெயில் நன்றாக அடித்தது. ஜன்னலிலிருந்து பார்த்தேன், பெரியவர் படியில் இறங்கி வந்தார், இரண்டு பேரும் நின்று பேசினார்கள். பெரியவர் அவனுடைய கட்டுப் போட்ட கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேனேஜர் எனக்குப் பின்னால் புதுக் காகிதம் எடுக்கிற சத்தம் கேட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கம் வந்தது. என் லைசென்ஸை அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனுடையது அவனிடமே இருக்கிறது.

வீட்டுக்குப் போனேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, பட்டனையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள், ஒரு கையாலேயே போட வசதியாக. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. சிமிட்டலிலிருந்து மேனேஜர் அறை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

“அவன் கையெழுத்துப் போட்டப்புறம் சொன்னீங்களா, முன்னாடியா?”

“முன்னாடி.”

“எவ்வளவு முன்னாடி?”

“பேனா அவன் கையில இருந்துச்சு.”

அவள் தலையாட்டினாள். நூலைக் கடித்து அறுத்தாள். சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். மாற்றுப் புடவை இரண்டும் அதே பைக்குள் போயிற்று. தம்பி வீட்டுக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டபோது, “நானும் வரேன்” என்றேன்.

“அவன் கூப்பிடட்டும். அப்புறம் வாங்க” என்றாள்.

இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. அவன் இன்னும் கூப்பிடவில்லை.